தொலைவு இருமை உறவைச் சோதித்து இருண்ட ஆற்றலை மதிப்பிடுதல்: முழுமையான வழிகாட்டி

அண்டத்தின் விரிவை விரைவுபடுத்தும் இருண்ட ஆற்றல் மாறாத ஒன்றா, காலத்தோடு மாறும் ஒன்றா என்ற கேள்வி, டெசி ஆய்வுக் குழு 2024 ஏப்ரலிலும் 2025 மார்ச்சிலும் தன் முடிவுகளை வெளியிட்ட பிறகு மீண்டும் கூர்மையடைந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிட் பீக் மலையில் உள்ள 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் 5,000 ஒளியிழைகளைப் பொருத்தி, 1.4 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களையும் குவாசர்களையும் அளந்து அந்தக் குழு பெற்ற தொலைவுகளைச் சூப்பர்நோவாத் தொலைவுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, மாறும் இருண்ட ஆற்றலுக்கு 2.8 முதல் 4.2 சிக்மா வரை ஆதரவு கிடைத்தது (சிக்மா கூடக்கூட, முடிவு தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு குறையும்). இவ்வளவு அகலமான இடைவெளிக்குக் காரணம், எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பது மட்டுமே. ஆகவே, இரண்டு வகைத் தொலைவுகளும் ஒன்றோடொன்று உடன்படுகின்றனவா என்று பார்க்காமல் இந்த எண்களின் மேல் முடிவு எதையும் கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சோதனையைச் செய்யும் முறையை, முதுகலை இயற்பியல் படித்தவர் ஒருவர் தன் மடிக்கணினியிலேயே செய்து பார்க்கக்கூடிய அளவில் இங்கே விவரிக்கிறேன். தேவையான தரவுகளில் பெரும்பகுதி பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கிறது.

படி 1: எதைச் சோதிக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

அண்டவியலில் தொலைவு என்பது ஒரே அளவு அன்று. ஒரு பொருளின் உண்மையான ஒளிர்வு தெரிந்து, அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்று அளந்தால் கிடைப்பது ஒளிர்வுத் தொலைவு. அதன் உண்மையான நீளம் தெரிந்து, வானில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்று அளந்தால் கிடைப்பது கோண விட்டத் தொலைவு. அண்டம் விரியும்போது ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் (1 + செம்பெயர்ச்சி) என்ற மடங்கில் குறைகிறது; செம்பெயர்ச்சி என்பது அந்த விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் அளவு. ஃபோட்டான்கள் வந்து சேரும் வீதமும் அதே மடங்கில் குறைகிறது. இவ்விரண்டும் சேர்ந்து ஒளிர்வுத் தொலைவை, விரிவின் விளைவை நீக்கிய இணையியங்கு தொலைவைவிட (1 + செம்பெயர்ச்சி) மடங்காகப் பெரிதாக்குகின்றன. ஒளி புறப்பட்டபோது அண்டம் அதே மடங்கில் சிறியதாக இருந்ததால், கோண விட்டத் தொலைவோ அந்த மடங்கில் சிறிதாகிறது. எனவே:

ஒளிர்வுத் தொலைவு = (1 + செம்பெயர்ச்சி)² × கோண விட்டத் தொலைவு

தொலைவு இருமை உறவு எனப்படும் இதைப் பொதுச் சார்பியலின் சட்டகத்தில் 1933இல் நிறுவியவர் ஐவர் எதரிங்டன். இந்த உறவு நிற்பதற்கு மூன்று நிபந்தனைகள் போதும்: ஈர்ப்பு என்பது காலவெளியின் வடிவியலாக விவரிக்கப்பட வேண்டும், ஒளி அந்த வடிவியலின் சுழி நெறிக்கோடுகளில் (ஒளிக்குரிய மிக நேரான பாதைகளில்) செல்ல வேண்டும், வழியில் ஃபோட்டான்கள் அழியவோ புதிதாகத் தோன்றவோ கூடாது. இருண்ட ஆற்றல் எவ்வளவு இருக்கிறது, அது எப்படி நடந்துகொள்கிறது என்பன இந்தப் பட்டியலில் இல்லை. இருண்ட ஆற்றலைப் பற்றிய வழக்கில் இந்த உறவு நடுநிலையான சாட்சியாக நிற்க முடிவது இதனால்தான்.

சோதனைக்குரிய அளவை ஈட்டா என்று குறிப்போம். ஒளிர்வுத் தொலைவை, (1 + செம்பெயர்ச்சி)² பெருக்கிய கோண விட்டத் தொலைவால் வகுத்தால் வருவது ஈட்டா. உறவு சரியென்றால் எல்லாச் செம்பெயர்ச்சியிலும் அது 1. இடைவெளியில் தூசியோ வேறு ஏதோவொன்றோ ஒளியை விழுங்கினால் சூப்பர்நோவா மங்கித் தெரியும், ஒளிர்வுத் தொலைவு மிகையாகும், ஈட்டா 1ஐத் தாண்டும். கோண அளவீட்டை அந்த விழுங்கல் தொடாது.

படி 2: இரண்டு அளவுகோல்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒளிர்வுத் தொலைவுக்கு டைப் 1ஏ சூப்பர்நோவாக்களே முதன்மையானவை. வெண்குறு விண்மீன் ஒன்று, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் கண்ட, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கான நிறை எல்லையோடு தொடர்புடைய வெப்ப அணுக்கரு வெடிப்பில் சிதறுவதால் இவை உண்டாகின்றன. இவற்றின் உச்ச ஒளிர்வு கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கிறது. எஞ்சிய வேறுபாட்டை, மெதுவாக மங்குபவை கூடுதல் ஒளிர்வுடையவை என்று 1993இல் மார்க் ஃபிலிப்ஸ் காட்டிய தொடர்பைக் கொண்டு திருத்துகிறார்கள். இன்று பயன்பாட்டில் உள்ள தொகுப்புகள் மூன்று: 1,550 சூப்பர்நோவாக்களுக்கு 1,701 ஒளி வளைவுகளைக் கொண்ட பாந்தியன் பிளஸ், 2,087 கொண்ட யூனியன் 3, இருண்ட ஆற்றல் அளவைக் குழுவின் ஐந்தாண்டுத் தொகுப்பு. மூன்றாவதில் அக்குழு தானே கண்ட 1,635ம், பிற தொலைநோக்கிகள் முன்பு கண்ட அருகமை வெடிப்புகள் 194ம் இருக்கின்றன. இந்த 194 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

கோண விட்டத் தொலைவுக்குப் பேரியான் ஒலி அலைவுகளைப் பரிந்துரைக்கிறேன். தொடக்க அண்டத்தின் சூடான பிளாஸ்மாவில் ஓடிய ஒலி அலைகள் உறைந்து நின்ற நீளம், விண்மீன் மண்டலங்களின் பரவலில் ஒரு சிறு மேடாக இன்றும் தெரிகிறது. ஸ்லோன், 2டிஎஃப் என்ற விண்மீன் மண்டல அளவைகள் இரண்டும் 2005இல் அதை முதன்முதலாகத் தெளிவாகக் கண்டன. அண்ட நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவுப்படி அந்த நீளம் 147.09 மெகாபார்செக், ஏறத்தாழ 48 கோடி ஒளியாண்டு. விண்மீன் மண்டலக் கொத்துகளின் எக்ஸ் கதிர் அளவீடு, ஈர்ப்பு வில்லைகள் ஆகியவற்றையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். கொத்தின் வடிவம் கோளமா நீள்வட்டமா என்ற அனுமானத்தைப் பொறுத்தே முடிவு மாறிவிடுவதால், முதல் முயற்சிக்கு அவை வேண்டாம்.

படி 3: ஒரே ஒரு புள்ளியைக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள்

நிரல் எழுதும் முன் இதைச் செய்வது நல்லது. செம்பெயர்ச்சி 0.51இல் டெசியின் இரண்டாம் வெளியீடு தரும் இணையியங்கு தொலைவு, ஒலி நீளத்தைப்போல் 13.588 மடங்கு, பிழை 0.167. அதை 147.09ஆல் பெருக்கினால் சுமார் 1,999 மெகாபார்செக். 1.51ஆல் வகுத்தால் கோண விட்டத் தொலைவு 1,324, 1.51ஆல் பெருக்கினால், எதரிங்டன் உறவு எதிர்பார்க்கும் ஒளிர்வுத் தொலைவு 3,018. வானியலாளர்கள் பயன்படுத்தும் தொலைவு மட்டு என்ற மடக்கை அளவில் இது 42.40. டெசியின் பிழை 1.2 சதவீதம் என்பது இந்த அளவில் 0.027. தொலைவில் 1 சதவீதம் என்பது மட்டில் 0.022 என்ற கணக்கை மனப்பாடமாக வைத்திருங்கள். இனி எல்லா இடங்களிலும் அதுவே கைகொடுக்கும்.

இனி அதே செம்பெயர்ச்சிக்கு அருகில் உள்ள சூப்பர்நோவாக்களின் மட்டு 42.40 ஆகிறதா என்று பார்க்க வேண்டும். தொடங்குபவர்களில் பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான், நானும் தவறியிருக்கிறேன். சூப்பர்நோவாவின் தோற்றப் பொலிவு நமக்குத் தெரியும். அதைத் தொலைவாக மாற்ற, அதன் உள்ளார்ந்த பொலிவு தெரிந்தாக வேண்டும். அதை அருகிலுள்ள செஃபீட் விண்மீன்களை (துடிப்பின் கால அளவே பொலிவைச் சொல்லும் விண்மீன்கள்) கொண்டு நிர்ணயித்த ஷூஸ் குழுவின் மதிப்பு, அண்டம் இன்று விரியும் வீதமான ஹபிள் மாறிலி 73.04 என்பதோடு பிணைந்தது. நாம் எடுத்துக்கொண்ட 147.09 என்ற ஒலி நீளமோ, ஹபிள் மாறிலி 67.4 என்று சொல்லும் பிளாங்க் தரவிலிருந்து வந்தது. இரண்டையும் அப்படியே ஒரு கணக்கில் போட்டால் மட்டில் 0.17 அளவுக்கு வேறுபாடு எழும், ஈட்டா 0.92 என்று வரும். முதன்முறை அந்த எண் என் திரையில் வந்தபோது, புதிய இயற்பியலைக் கண்டுவிட்டதாகவே நினைத்தேன். அது ஈட்டாவின் மீறல் அன்று. ஏற்கெனவே எல்லோரும் அறிந்த ஹபிள் முரண்பாடு வேறு உருவத்தில் வந்து நின்றதுதான். எல்லாச் செம்பெயர்ச்சியிலும் ஒரே அளவாக ஈட்டா விலகியிருந்தால், முதலில் அளவுகோலின் நிர்ணயத்தைச் சந்தேகியுங்கள்.

இதற்குத் தீர்வு எளிது. உள்ளார்ந்த பொலிவையும் ஒலி நீளத்தின் மடக்கையையும் சேர்த்து ஒரே கூட்டு மாறிலியாக வைத்து, அதற்கு எந்த முன்மதிப்பும் தராமல் விட்டுவிடுங்கள். அப்போது ஈட்டாவின் முழு மதிப்பைச் சோதிக்கும் வாய்ப்பை இழக்கிறோம். செம்பெயர்ச்சியோடு அது மாறுகிறதா என்பதை மட்டுமே சோதிக்கிறோம். இந்த இழப்பை ஏற்றுக்கொள்வதே நேர்மையான வழி.

படி 4: தரவைச் சீர்படுத்துங்கள்

பாந்தியன் பிளஸ் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு சூப்பர்நோவாவுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட செம்பெயர்ச்சிகள் இருக்கும். சூரியனை மையமாகக் கொண்டது ஒன்று. நம் சொந்த இயக்கத்தையும் அந்த மண்டலத்தின் தனி இயக்கத்தையும் கழித்துத் திருத்தியது மற்றொன்று. இணையியங்கு தொலைவைக் கணிக்கத் திருத்திய மதிப்பையும், அதைப் பெருக்கும் (1 + செம்பெயர்ச்சி) என்ற மடங்குக்குச் சூரிய மைய மதிப்பையும் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் ஃபோட்டான் நம் கருவியில் வந்து விழும்போது இழந்திருக்கும் ஆற்றலைச் சொல்வது பின்னதுதான். 0.01க்குக் குறைந்த செம்பெயர்ச்சி உடையவற்றை நீக்கிவிடுங்கள். அங்கே விரிவின் வேகம் விநாடிக்கு 3,000 கிலோமீட்டர். ஒரு மண்டலம் சாதாரணமாகவே 300 கிலோமீட்டர் வேகத்தில் அலையும். ஆகவே தொலைவில் 10 சதவீதப் பிழை தானாகவே நுழைந்துவிடும்.

பிழைகளுக்குக் கோப்பிலுள்ள தனித்தனி நிரலை நம்ப வேண்டாம். கூடவே தரப்பட்டுள்ள, 1,701 வரிசையும் 1,701 நிரலும் கொண்ட இணைமாறுபாட்டு அணியை முழுமையாகப் பயன்படுத்துங்கள். ஒரே தொலைநோக்கியின் அளவுத்திருத்தப் பிழை நூற்றுக்கணக்கான சூப்பர்நோவாக்களை ஒன்றாக இழுப்பதால், தனித்தனிப் பிழைகளைக் கொண்டு சராசரி எடுத்தால் உங்கள் துல்லியம் பொய்யாக உயர்ந்து தெரியும்.

படி 5: செம்பெயர்ச்சிகளைப் பொருத்துங்கள்

டெசி தரும் புள்ளிகள் ஏழு; சூப்பர்நோவாக்கள் எங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு டெசிப் புள்ளிக்கும் இருபுறமும் 0.005 அகலத்துக்குள் வரும் சூப்பர்நோவாக்களைச் சேர்த்துச் சராசரி காண்பது ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமான முறை. அது எவ்வளவு பாதுகாப்பானது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். செம்பெயர்ச்சி 0.51இல் 0.005 நகர்ந்தால் ஒளிர்வுத் தொலைவு 1.1 சதவீதம் மாறுகிறது; மட்டில் 0.025. இது டெசியின் பிழைக்கே சமம். எனவே அகலத்தைக் குறைப்பதைவிட, ஒவ்வொரு சூப்பர்நோவாவையும் அவ்விடத்துச் சரிவைக் கொண்டு டெசிப் புள்ளியின் செம்பெயர்ச்சிக்கு நகர்த்திவிட்டுச் சராசரி எடுப்பது மேலானது. அந்தச் சரிவையும் டெசியே தருகிறது: பார்வைக்கோட்டின் திசையில் அது அளக்கும் மதிப்பு, 0.51இல் ஒலி நீளத்தைப்போல் 21.863 மடங்கு, விரிவின் வேகத்தை நேரடியாகச் சொல்கிறது. இருண்ட ஆற்றல் மாதிரி எதையும் கடன் வாங்க வேண்டியதில்லை.

செம்பெயர்ச்சி 2.33இல் உள்ள புள்ளியை விட்டுவிடுங்கள். அங்கே ஒப்பிடத்தக்க சூப்பர்நோவாக்கள் இல்லை. 0.295இல் உள்ள புள்ளி இரு திசைகளின் கலப்புச் சராசரியாகத் தரப்படுவதால், அதை நேரடியாக ஒப்பிட முடியாது.

படி 6: விடையை உங்களிடமிருந்தே மறையுங்கள்

டெசி குழு தன் பட்டியலையே இரகசியமாகச் சிறிது மாற்றி வைத்து, பகுப்பாய்வு முறை முழுவதும் உறுதியான பிறகே உண்மைத் தரவைத் திறந்தது. நீங்களும் ஈட்டாவுடன் ஓர் இரகசிய எண்ணைக் கூட்டி, அதை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அதற்கு முன், ஈட்டா 1 என்று வைத்து ஒரு போலித் தரவையும், செம்பெயர்ச்சியோடு 0.05 வீதம் வளரும்படி வைத்து மற்றொன்றையும் உருவாக்கி, உங்கள் நிரல் இரண்டையும் சரியாக மீட்டெடுக்கிறதா என்று பாருங்கள். மீட்டெடுக்காத நிரலை உண்மைத் தரவின் மேல் ஏவக் கூடாது.

படி 7: ஈட்டாவைப் பொருத்துங்கள்

ஈட்டா = 1 + (வீதம் × செம்பெயர்ச்சி) என்ற வடிவம் முதல் முயற்சிக்குப் போதும். தெரியாத எண்கள் இரண்டே: வீதம், படி 3இல் சொன்ன கூட்டு மாறிலி. எவ்வளவு துல்லியம் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே அறியலாம். 0.51இல் டெசியின் பிழை 1.2 சதவீதம், 0.934இல் 0.7 சதவீதம், இரண்டையும் இருபடியில் கூட்டி இடைவெளியால் வகுத்தால், இவ்விரு புள்ளிகள் மட்டும் தரும் வீதத்தின் பிழை சுமார் 0.033. சூப்பர்நோவாக்களின் பிழையைச் சேர்த்தால் இன்னும் கூடும். இதைவிட மிகச் சிறிய பிழை உங்களுக்கு வந்தால், எங்கோ ஒரு மாதிரி அனுமானம் மறைவாக உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள்.

நேர்க்கோட்டு வடிவத்தோடு நிறுத்திவிடாமல் படிக்கட்டு வடிவம் ஒன்றையும் பொருத்துங்கள். தூசியோ ஃபோட்டான் இழப்போ தொலைவோடு படிப்படியாகச் சேரும். தொகுப்புகளுக்கு இடையிலான அளவுத்திருத்தப் பிழையோ ஒரு குறிப்பிட்ட செம்பெயர்ச்சியில் திடீரென்று தாவும். இரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை.

படி 8: சூப்பர்நோவாக்களுக்கு வெளியே சாட்சி தேடுங்கள்

ஃபோட்டான்கள் வழியில் அழிகின்றன என்றால், தொடக்க அண்டத்திலிருந்து எஞ்சிய அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சிலும் அதன் தடயம் இருக்க வேண்டும். இன்று 2.7255 கெல்வின் உள்ள அதன் வெப்பநிலை, செம்பெயர்ச்சி 2.418இல் 9.3 கெல்வினாக இருந்திருக்க வேண்டும். புணேயில் உள்ள ஐயுகா மையத்தைச் சேர்ந்த ரகுநாதன் ஸ்ரீஆனந்தும் அவருடைய சக ஆய்வாளர்களும், சிலியில் உள்ள பெருந்தொலைநோக்கியைக் கொண்டு ஒரு தொலைதூர வாயு முகிலின் கார்பன் மோனாக்சைடு கோடுகளை ஆராய்ந்து, 2008இல் 9.15 கெல்வின் என்று அளந்தார்கள், பிழை 0.72. ஒரு மூலக்கூறையே வெப்பமானியாக்கிய அந்த அளவீடு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. காலநீட்சியும் சரியாகவே இருக்கிறது: இருண்ட ஆற்றல் அளவைக் குழு 1,504 சூப்பர்நோவாக்களில், வெடிப்பின் கால அளவு (1 + செம்பெயர்ச்சி) என்பதன் 1.003ஆம் அடுக்காக நீள்கிறது என்று 2024இல் காட்டியது. பிழை ஏறத்தாழ 0.01.

படி 9: இருண்ட ஆற்றலைச் சேர்த்துப் பொருத்துங்கள்

இருண்ட ஆற்றலின் அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் எப்போதும் −1 என்றால் அது ஐன்ஸ்டைனின் அண்டவியல் மாறிலி. மாறுகிறதா என்று பார்க்க, செவாலியே, போலார்ஸ்கி, லிண்டர் ஆகியோர் தந்த இரண்டு எண் வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள்: ஒன்று அந்த விகிதத்தின் இன்றைய மதிப்பு, மற்றொன்று அது மாறும் வீதம். டெசி, நுண்ணலைப் பின்னணி, பாந்தியன் பிளஸ் மூன்றையும் சேர்த்தால் இவை −0.838, −0.62, பாந்தியன் பிளஸ்ஸை நீக்கி இருண்ட ஆற்றல் அளவையின் ஐந்தாண்டுத் தொகுப்பை வைத்தால் −0.752, −0.86. பின்னதன்படி செம்பெயர்ச்சி 0.4 அளவில் விகிதம் −1ஐக் கடந்திருக்கிறது.

மூன்று முறை பொருத்துங்கள். முதலில் சூப்பர்நோவா இல்லாமல் டெசியும் நுண்ணலைப் பின்னணியும் மட்டும். இதில் கிடைக்கும் 3.1 சிக்மாவை ஃபோட்டான் இழப்பைக் காட்டி விளக்க முடியாது, ஏனெனில் இங்கே பொலிவு அளவீடு எதுவும் இல்லை. இரண்டாவதாக, ஈட்டாவை 1 என்று நிறுத்திச் சூப்பர்நோவாக்களைச் சேருங்கள். மூன்றாவதாக ஈட்டாவின் வீதத்தையும் அவிழ்த்துவிடுங்கள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது சிக்மா எவ்வளவு குறைகிறதோ, அதுவே பொலிவு அளவீட்டின் மேல் மட்டும் சாய்ந்திருக்கும் பகுதி.

படி 10: சோதனை எட்டாத இடத்தைக் குறியுங்கள்

பாந்தியன் பிளஸ், ஐந்தாண்டுத் தொகுப்பு இரண்டிலும் இடம்பெறும் அதே சூப்பர்நோவாக்களை ஒப்பிட்ட அண்டவியலாளர் ஜார்ஜ் எஃப்ஸ்டாத்தியூ, அருகிலும் தொலைவிலும் உள்ளவற்றுக்கு இடையே இரு தொகுப்புகளும் பொலிவில் சுமார் 0.04 வேறுபடுகின்றன என்று சுட்டிக்காட்டினார். அதில் பெரும்பகுதி பகுப்பாய்வு முறையின் திருத்தத்தால் நியாயமாகவே வருவது என்று இருண்ட ஆற்றல் அளவைக் குழு விடையளித்தது. பின்னர் அதே குழு தன் அளவுத்திருத்தத்தை மறுபடி செய்தபோது 4.2 சிக்மா 3.2 ஆகக் குறைந்தது. 0.04 என்பது தொலைவில் சுமார் 2 சதவீதம். டெசியின் நேரடிப் புள்ளிகள் 0.51இலிருந்தே தொடங்குகின்றன; நாம் நினைவில் வைத்த 194 சூப்பர்நோவாக்களோ பெரும்பாலும் 0.1க்குள் இருக்கின்றன. அந்த இடத்தில் கிடைக்கும் ஒலி அலைவு அளவீடு, 0.106இல் 6டிஎஃப் அளவை தந்தது. அதன் பிழை 4.5 சதவீதம், மட்டில் 0.1. தேடும் பொருளைவிட அளவுகோலின் பிழை இரண்டரை மடங்கு பெரிது. மாறும் இருண்ட ஆற்றலுக்கான சூப்பர்நோவா ஆதரவு எந்த இடத்தில் ஊன்றி நிற்கிறதோ, அந்த இடத்தை எதரிங்டன் உறவால் இன்று நேரடியாகச் சோதிக்க முடியாது.

ஆகவே முடிவை எழுதும்போது, ஈட்டா எந்தச் செம்பெயர்ச்சி வரம்புக்குள் சோதிக்கப்பட்டது என்பதையும், 0.1க்குள் உள்ள சூப்பர்நோவாக்களை முழுவதும் நீக்கினால் படி 9இன் எண்கள் எங்கே நகர்கின்றன என்பதையும் தனியாகக் குறிப்பிடுங்கள். பலோமர் மலையிலிருந்து வானத்தை அளக்கும் இசட்டிஎஃப் குழு, ஒரே கருவியால் கண்ட 3,628 டைப் 1ஏ சூப்பர்நோவாக்களைத் தன் இரண்டாம் வெளியீட்டில் தந்திருக்கிறது. பல தொலைநோக்கிகளிலிருந்து திரட்டிய அந்த 194க்கு மாற்றாக நிற்கும் தகுதி அதற்கு இருப்பதால், அதன் அண்டவியல் பயன்பாட்டுக்கான அளவுத்திருத்தம் முழுமையடையும்போது, இதே பத்துப் படிகளையும் முதலிலிருந்து மறுபடியும் செய்து பாருங்கள்.